கரண்ட் இல்லாத மீன்தொட்டி: ஒரு மாணவிக்கு நான் பிந்திச் சொன்ன பதில்



கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணிக் கோப்பையோடு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2022 மார்ச் மாதக் கடைசி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டீசலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள். நோன்புக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அப்போது நான் தரம் 7 வகுப்பொன்றுக்குப் பொறுப்பாசிரியர். வகுப்பறை மூலையில் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிய இரண்டடி மீன்தொட்டி ஒன்று இருந்தது. அடியில் கலர்க் கல், நடுவில் பிளாஸ்டிக் செடி, பக்கத்தில் காற்று அடிக்கும் மோட்டர்.

வகுப்பில் 34 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் ஒரு மீன் வேண்டும் என்று ஆசை. எனக்கும் மறுக்க மனம் வரவில்லை. 34 மீன்கள் போட்டோம். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார்கள்.

ஒரு காலையில் கதவைத் திறந்தபோது முக்கால்வாசி மீன்கள் மேலே மிதந்தன. மிச்சம் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்றாம் பாடவேளைக்குள் அதுவும் முடிந்தது. பிள்ளைகள் சிலர் அழுதார்கள். "இரவெல்லாம் கரண்ட் இல்ல, மோட்டர் நின்டுட்டு, நாம என்ன செய்ற?" என்று சமாளித்தேன்.

பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழும்பினாள். "சேர், அப்ப கரண்ட் கண்டுபிடிக்க முன்னுக்கு மீன் எப்படி சேர் உயிரோட இருந்திச்சு?"

"குளத்துல, ஆத்துல இருந்திச்சு மகள்" என்றேன்.

"இல்ல சேர், வீட்டுல வளக்கிற மீன்."

பதில் தெரியவில்லை. "பிறகு சொல்றேன், இரிங்க" என்றேன். ஆசிரியர்கள் தெரியாத இடத்தில் சொல்லும் வழமையான வசனம்தான்.

பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபோது விஞ்ஞான அறை யன்னலோரத்தில் ஒன்றைக் கண்டேன். ஒளித்தொகுப்புப் பரிசோதனைக்காக வாய்க்காலில் அள்ளி வந்த ஐதரில்லாவைப் பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். புனலையும் சோதனைக் குழாயையும் கழற்றிக் கழுவிய நான், மிச்சச் செடி கிடந்த சாடியை அப்படியே மறந்துவிட்டேன். வாரக்கணக்கில் யாரும் தொடவில்லை. தண்ணீர் நாறியிருக்கும் என்று நினைத்துக் கிட்டப் போனால், பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. செடி வளர்ந்திருந்தது. கண்ணாடியில் நத்தைகள். செடிக்குள்ளே, செடியோடு தெரியாமல் வந்த நாலைந்து கூனி இறால்கள், கால்களால் இலையைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன.

மோட்டர் இருந்த தொட்டி செத்தது. மறந்துபோன சாடி வாழ்ந்தது. ஏன் என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் கீழே உள்ள வரலாறு.

*

வீட்டுக்குள் மீன் வளர்ப்பது புதிதல்ல. சீனாவில் சொங் வம்சக் காலத்திலேயே தங்க மீன்களைக் குளங்களில் தெரிவுசெய்து வளர்த்தார்கள். பிறகு மிங் காலத்தில் அவை வீட்டுக்குள் மண்பாண்டங்களுக்கு வந்தன. ஆனால் அந்தப் பாண்டத்தில் மீன் உயிரோடு இருப்பதற்கு ஒரே வழி, தண்ணீரை அடிக்கடி மாற்றுவது. மாற்றாமல் விட்டால் ஏன் சாகிறது என்பதை விளக்க 18ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

1771 ஓகஸ்ட் 17ஆம் திகதி இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், மெழுகுதிரி எரிந்து அணைந்துபோன அடைத்த காற்றுக்குள் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாள் கழித்து, 27ஆம் திகதி, அதே காற்றில் இன்னொரு மெழுகுதிரி நன்றாக எரிந்தது. கெட்டுப்போன காற்றைச் செடி திருத்துகிறது என்பது தெரிந்தது. ஆனால் பிறகு செய்து பார்த்தபோது சில வேளை சரிவந்தது, சில வேளை பிழைத்தது. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை.

அதைப் பிடித்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வைத்தியர் யான் இங்கன்ஹவுஸ். 1779இல் அவர் செடிகளைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். வெயில் பட்டால் இலையிலிருந்து குமிழி வருகிறது. இருட்டில் நின்றுவிடுகிறது. செடி மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். நம் பிள்ளைகள் ஐதரில்லாவை வைத்துச் செய்யும் பரிசோதனையின் வேர் அதுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மீன்தொட்டி பிறக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்கு முதல் அடி வைத்தவர்களில் ஒருவர் ஒரு தையற்காரி.

ஷான் வில்ப்ரோ பவர் 1794இல் பிரான்ஸின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பாரிஸில் உடுப்புத் தைத்து வாழ்ந்தார். திருமணமாகி இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே கடலைப் பார்த்தார். ஆர்கோனோட் என்று ஒரு வகைச் சாக்குக்கணவாய் இருக்கிறது. அதன் பெண் இனம் மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓட்டை அது தானே செய்கிறதா, வேறொரு பிராணியிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண், 1832 அளவில், உயிரோடு வைத்துப் பார்ப்பதற்கென்றே கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். நாளும் பொழுதும் பார்த்திருந்து, அது தானே ஓட்டைச் செய்கிறது, உடைந்தால் தானே திருத்துகிறது என்று நிரூபித்தார். 1843இல் அவருடைய சேகரிப்புகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கியது. பல வருட உழைப்பு கடலுக்குள் போனது. அவருடைய பெயரை நாம் பாடப் புத்தகத்தில் காணாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதே காலத்தில் லண்டனில் நத்தானியேல் வார்ட் என்ற வைத்தியர், 1829இல், ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு போத்தலில் அடைத்து வைத்தார். பூச்சியைப் பார்க்க இருந்தவருக்கு, மண்ணிலிருந்து தானாக முளைத்த ஒரு பன்னமும் ஒரு புல்லும் கிடைத்தன. வெளியே லண்டன் நிலக்கரிப் புகையில் அவர் நட்ட பன்னங்கள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தன. மூடிய போத்தலுக்குள் இது வாழ்ந்தது. மண் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் பட்டு, திரும்ப மண்ணுக்கே இறங்கியது. இதிலிருந்து பிறந்ததுதான் வார்டியன் பெட்டி எனப்படும் கண்ணாடிப் பெட்டி.

இந்தப் பெட்டி நம் நாட்டுக்கும் வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளை லண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைத்து, 1,900க்கும் மேற்பட்ட இறப்பர்க் கன்றுகளை 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் அவற்றை நட்டார்கள். நம் நாட்டு இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கம், கடல் கடந்து வந்த அந்தக் கண்ணாடிப் பெட்டிதான்.

*

இனி அந்த மாணவியின் கேள்விக்கு நேரே வருவோம். கரண்டும் மோட்டரும் இல்லாத காலத்தில் தொட்டிக்கு யார் காற்று அடித்தது?

1846இல் அன்னா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் தென்கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை ஒரு சாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். புதிய கடல்நீர் நினைத்தவுடன் கிடைக்காது. அதனால் அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, யன்னலைத் திறந்துவைத்து, ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றியது அவருடைய வீட்டுப் பணிப்பெண். கடையில் தேத்தண்ணி ஆற்றுகிறார்களே, அதேபோல. அந்தப் பணிப்பெண்ணின் இரண்டு கைகள்தான் அன்றைய மோட்டர்.

அடுத்த வருடம் அன்னா தைன் தொட்டிக்குள் கடற்பாசிகளைப் போட்டார். அவை வெளிச்சத்தில் ஒட்சிசன் விட, அந்தக் கைகளின் வேலையைச் செடி எடுத்துக்கொண்டது. பவளங்கள் ஏறத்தாழ மூன்று வருடங்கள் வாழ்ந்தன.

ஆனால் செடி போட்டால் மட்டும் போதுமா? போதாது. இதைக் கண்டது ரொபர்ட் வொரிங்டன் என்ற இரசாயனவியலாளர். 1849இல் அவர் லண்டனில் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் மணல், சேறு, கல் போட்டு, வலிசுனேரியாச் செடி நட்டு, இரண்டே இரண்டு சின்னத் தங்க மீன்களை விட்டார். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு பழைய இலைகள் அழுகத் தொடங்கின. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. நானாக இருந்தால் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவியிருப்பேன்.

வொரிங்டன் கொட்டவில்லை. குளத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்தார். அங்கேயும் இலை அழுகுகிறது, ஆனால் குளம் நாறுவதில்லை. அங்கே அழுகலைத் தின்ன ஆள் இருக்கிறது. ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டை மீனுக்குத் தீனியானது. மீனின் கழிவு செடிக்கு எருவானது. 1850இல் அவர் இதை லண்டன் இரசாயனச் சங்கத்தில் வாசித்தார். நாம் இன்று சூழற்றொகுதி, பிரிகையாக்கிகள் என்று கரும்பலகையில் எழுதுவதை அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் காட்டினார்.

அவருக்கும் தெரியாத ஒரு பங்காளி அங்கே இருந்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியாக்களை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890இல்தான் பிரித்தெடுத்தார். அந்தப் பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் குடியிருக்கின்றன. தொட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவுகிறவர், தன்னை அறியாமல் அவற்றையும் சேர்த்துக் கழுவி ஊற்றுகிறார். நானும் வாரா வாரம் அப்படித்தான் கழுவினேன்.

*

பிறகு நடந்ததும் நாம் அறியவேண்டியது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கொஸ் என்ற இயற்கையியலாளர் மீன்தொட்டி பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. இங்கிலாந்து முழுக்கப் பைத்தியம் பிடித்தமாதிரி ஆனது. குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போய், பாறைக் குட்டைகளில் கிடந்த உயிர்களை வாளி வாளியாக அள்ளினார்கள். சில வருடங்களில் அந்த ஆசை வடிந்தது. ஆனால் குட்டைகள் வெறுமையாகிவிட்டன. தன் தகப்பன் அன்போடு எழுதிய புத்தகமே அந்தக் கரையை அழிக்கக் காரணமானதை நினைத்து வருந்தியதை, கொஸ்ஸின் மகன் 1907இல் வெளியிட்ட தன் நினைவு நூலில் பதிந்திருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் மின்சாரம் வீடுகளுக்கு வந்தது. காற்று மோட்டர், வடிகட்டி, மின்விளக்கு எல்லாம் வந்தன. அதோடு ஒரு பழக்கமும் வந்தது. தொட்டி தாங்குவதைவிட அதிகமாக மீன் போடலாம், மிச்சத்தை மோட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம். செடி பிளாஸ்டிக் ஆனது. நத்தை தொல்லையானது.

திரும்பவும் பழைய வழியை ஞாபகப்படுத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ. சைக்கிளோட்ட வீரராக இருந்து புகைப்படக் கலைஞரானவர். 1980களில் தன் செடித் தொட்டிகளில் பாசியைத் தின்பதற்கு ஜப்பானிய நன்னீர் இறாலை விட்டுப் பிரபலமாக்கினார். வொரிங்டனின் நத்தை செய்த வேலையில் இறாலும் சேர்ந்தது. மற்றவர் அமெரிக்காவின் டயனா வோல்ஸ்டட். 1999இல் வெளிவந்த அவருடைய நூல் சொன்ன வழி எளிமையானது: அடியில் சாதாரண மண், மேலே மெல்லிய மணல், நிறையச் செடி, யன்னல் வெளிச்சம், குறைந்த உயிர்கள். மிச்சத்தைச் செடியும் பற்றீரியாவும் செய்யும்.

உலகம் முழுக்க இந்தத் தொட்டிகளில் நடுகிற செடிகளில் ஒன்று நம்முடையது. கிரிப்டோகோரைன் வென்டி என்ற செடி இலங்கைக்கே உரியது. குறைந்த வெளிச்சத்திலும் வளரும். கடைகளில் வளர்ப்புச் செடி கிடைக்கிறது. தயவுசெய்து ஓடைகளில் பிடுங்கி எடுக்காதீர்கள். கொஸ்ஸின் கரைக்கு நடந்தது நம் ஓடைக்கும் நடக்கலாம்.

*

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, என் வகுப்பில் செய்த முறை:

எட்டுப் பத்து லீற்றர் பிடிக்கும் வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரம் எடுங்கள். பசளையோ களைநாசினியோ படாத தோட்ட மண்ணை அரித்து ஒரு அங்குலம் போடுங்கள். அதன் மேல் நன்றாகக் கழுவிய ஆற்று மணல் ஒரு அங்குலம். கடல் மணல் வேண்டாம். முதல் நாளே செடியை நெருக்கமாக நடுங்கள். ஐதரில்லா, வலிசுனேரியா இரண்டும் போதும். ஒரு பீங்கானை வைத்து அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மண் கலங்காது. உப்பில்லாத கிணற்றுத் தண்ணீர் நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

பிறகு கஷ்டமான வேலை: ஒரு மாதம் காத்திருப்பது. இரண்டு மூன்று நத்தைகள் மட்டும் இருக்கட்டும். அந்த மாதத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் குடியேறுகின்றன. வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

அதன் பிறகு பத்து இறால். மீன் கடைகளில் கிடைக்கும் சிவப்புச் செரி இறால் நல்லது. தாய்வானிலும் சீனாவிலும் இருந்த மங்கல் நிறக் காட்டு இறாலைத் தெரிவுசெய்து வளர்த்துச் சிவப்பாக்கியது அது. அமானோவின் இறால் குஞ்சுகள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டும். இதற்குத் தேவையில்லை. தாய் வயிற்றுக்கடியில் முட்டையைச் சுமந்து, ஏறத்தாழ நாலு கிழமையில் தன்னைப் போலவே சின்னக் குஞ்சுகளை விடும். தீனி கிழமைக்கு இரண்டு தரம், அவித்த கீரை இலையில் நகமளவு. அடுத்த நாள் மிஞ்சியிருந்தால் எடுத்துவிடுங்கள். காலை வெயில் இரண்டு மணித்தியாலம் பட்டால் போதும். நடுப்பகல் வெயில் தண்ணீரைச் சுட வைத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, செம்பு இறாலுக்கு நஞ்சு. செம்பு கலந்த மீன் மருந்துகளும், நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரேயும் அதைக் கொன்றுவிடும். இரண்டு, டெங்கு. இறாலை நம்பித் திறந்து வைக்க வேண்டாம். பாத்திரத்தின் வாயை நுளம்பு வலைத் துணியால் இறுக்கிக் கட்டி, கிழமைக்கு ஒரு தரம் கட்டாயம் புழு இருக்கிறதா என்று பாருங்கள். பி.எச்.ஐ. வந்தால் நாம் தைரியமாகக் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும்.

*

அந்த மாணவி இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். போன தவணையில் விஞ்ஞான அறைக்கு ஏதோ எடுக்க வந்தவள் யன்னலோரச் சாடியைப் பார்த்து நின்றாள். "மகள், நீங்க அண்டைக்குக் கேட்ட கேள்விக்கு இப்பதான் பதில் கிடைச்சிருக்கு" என்று தொடங்கி, பணிப்பெண்ணின் கைகளிலிருந்து வொரிங்டனின் நத்தை வரைக்கும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அப்ப சேர், அவர் அவ்வளவு பெரிய பாத்திரத்துல ரெண்டு மீன்தானே போட்ட. நாங்க 34 போட்டம்."

"ஓம் மகள்" என்றேன்.

"அப்ப கரண்ட் இல்லேண்டு சொன்னது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். மின்வெட்டு ஒரு இரவில் செய்ததை, நான் அந்தத் தொட்டிக்கு மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தேன். செடி இல்லை. கூட்டம் அதிகம். வாரா வாரம் தேய்த்துக் கழுவல். மோட்டர் அதையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது. மோட்டர் நின்றதும் என் பிழை வெளியே வந்தது. 34 பிள்ளைகளுக்கும் நான் சொன்னது பாதி உண்மைதான்.

அந்த வகுப்பில் இருந்தவர்கள், அவர்களுடைய பெற்றோர், பலர் இந்தப் பதிவை வாசிப்பீர்கள். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மிச்சப் பாதியை இங்கே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் என்னை மன்னிக்கட்டும்.

என் சாடிகளில் இப்போது அல்ஹம்துலில்லாஹ் இறால் பெருகியிருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் ஒரு மாதம் பழகிய பாத்திரத்தின் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு, மூடியுள்ள போத்தலோடு வாருங்கள். ஒருவருக்குப் பத்துத்தான் தருவேன். கூடக் கேட்காதீர்கள்.

பிழைகள் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.